வண்டிக்கு மூச்சு எங்கே இருக்கிறது

எங்கள் வீட்டில் குடிப்பழக்கம் உள்ளவர் என்று யாரும் கிடையாது, லாரியைத் தவிர. அது காலையில் அரை லிட்டர் இன்ஜின் ஆயில் என்று ஆரம்பித்து, போன கோடையில் தினம் ஒரு லிட்டருக்கு வந்துவிட்டது. குடித்ததை நீலப் புகையாகப் பின்னால் ஊதிக்கொண்டே போகும். அம்பத்தூர் சிக்னலில் நான் நின்றால் எனக்குப் பின்னால் நிற்கும் டூவீலர்காரர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்வார்கள். லாரியின் முன்பக்கமும் பின்பக்கமும் ‘முருகன் துணை’ என்று எழுதியிருக்கிறேன். பின்பக்கம் எழுதியதை அந்தப் புகையில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அது தண்ணீர் லாரி. வெள்ளானூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஏற்றி, முகப்பேரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. ஓட்டுவதும் நான், குழாய் பிடிப்பதும் நான், தண்ணீர் கலங்கலாக இருந்தால் திட்டு வாங்குவதும் நான். நான் வாங்குவதற்கு முன்னால் அந்த வண்டி பெங்களூருக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம் வந்து முதுகில் தொட்டியைச் சுமந்தது. மீட்டர் எட்டு லட்சம் கிலோமீட்டர் காட்டுகிறது. எங்களுக்கு இருப்பது இந்த ஒரு லாரிதான்.

ஒரு நாள் காலை முழுத் தொட்டியோடு ஆவடி தாண்டி ஒரு பாலம் ஏறும்போது அது பாதியிலேயே திணறிப்போனது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், சத்தம்தான் வருகிறது, வண்டி போகவில்லை. பின்னால் வந்த பஸ்காரர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டுவதற்கு வந்தவர் திட்டாமலே திரும்பிப் போனார். அதிலேயே என் நிலைமை எனக்குப் புரிந்தது. முக்கால்வாசித் தண்ணீரை ஓரமாகத் திறந்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே உருட்டி உருட்டி நசரத்பேட்டைக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் என்னுடைய மெக்கானிக் பாயின் பட்டறை இருக்கிறது. பத்து வருடமாக இந்த வண்டியைப் பார்ப்பவர் அவர்தான்.

பாய் வண்டியை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குப்குப்பென்று புகை வந்தது.

“பாத்துக்கினியா அண்ணாத்தே. கீழால உட வேண்டிய பொகைய மேலால உடுது.”

“இன்னா பாய் பண்றது?”

“ரெண்டு வழி கீது. ஒண்ணு, இன்ஜின இறக்கி, பிஸ்டன், லைனர், ரிங்கு எல்லாம் மாத்தி முழு வேலை பாக்கணும். எட்டு நாளு ஆவும், ஒம்போதும் ஆவும். இல்லாட்டி வேற இன்ஜின் ஒண்ணு புட்ச்சிக்கினு வா, மூணு நாள்ல மாட்டிக் குடுத்துடறேன்.”

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“எட்டு லட்சம் ஓடிக்கீது. எனக்கு அம்பத்தஞ்சு வயசு, குந்தினா எந்திரிக்க ஒரு ஆள் வேணும். அதுக்கு நான் இன்னா சொல்றது?”

முகப்பேர் குடியிருப்பின் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தங்கமான மனிதர். எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார்.

“அண்ணா, கோடைங்க. ஒரு வாரத்துக்கு வேற லாரி சொல்லிக்கறோம். அதுக்கு மேல போச்சுன்னா, அவங்களுக்கே குடுத்தர்ற மாதிரி ஆயிருங்க. கமிட்டில கேக்கறாங்க.”

எனக்கு அந்த ஒரு குடியிருப்புதான் நிரந்தர வாடிக்கை. அது கைவிட்டுப் போனால் நான் தெருத்தெருவாகத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். எனக்கு இருப்பது ஏழு நாள். ரிப்பேருக்கு எட்டு நாள், ஒன்பது நாள். மாற்றினால் மூன்றே நாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். செயலாளரும் அதையேதான் கேட்டார். சாயங்காலத்துக்குள் போனுக்கு ஒரு அட்டவணை அனுப்பிவிட்டார். இடது பக்கம் ரிப்பேர், வலது பக்கம் மாற்றுவது. கடைசியில் பச்சைக் கட்டத்தில் ‘மாற்றவும்’ என்று போட்டிருந்தது. என் லாரியின் இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

“எமோஷனலா முடிவெடுக்காதீங்கண்ணா. டேட்டாவைப் பாருங்க.”

“இன்னா டேட்டா தம்பி?”

“அதான் எட்டு லட்சம் கிலோமீட்டருங்களே.”

அவர் சொல்படி மறுநாள் பழைய இன்ஜின் விற்கிறவரிடம் போனேன். பெங்களூர் ரோட்டிலேயே பட்டறையிலிருந்து கொஞ்ச தூரம். தகரக் கொட்டகைக்குள் வரிசையாக இன்ஜின்களை உட்கார வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தது. என் வண்டிக்குப் பொருந்துகிற ஒன்றைக் காட்டினார். கழுவித் துடைத்து, சில்வர் பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

“ரெண்டே லட்சம் கிலோமீட்டர்தான் ஓடிக்கீது நைனா. இன்னும் பல்லு மொளைக்கல.”

“இது எந்த வண்டிதுங்க?”

“அத்த இன்னாத்துக்குக் கேக்கறே? ஆக்சிடென்ட் வண்டி. முன்னாடி கேபின்தான் போச்சி, இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவல.”

“கேபின்ல இருந்தவரு?”

அவர் சில்வர் பெயின்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டார். “ஆளப் பத்தி நான் இன்னா கேட்டேன்? நான் வாங்கினது இன்ஜினு” என்றார்.

நான் அங்கேயே கண்ணை மூடி, யாரென்று தெரியாத அந்த டிரைவருக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டேன். விற்கிறவர் அதைப் பேரம் பேசுகிற புது முறை என்று நினைத்துக்கொண்டு, தானாகவே விலையைக் குறைத்தார். நாளை மறுநாள் வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா தொழிற்சாலையில் மிஷினோடு இருந்தவர். ஆனால் அவளுக்கு மிஷினைவிட அம்மன்மேல்தான் நம்பிக்கை அதிகம். எனக்கும் அப்படித்தான்.

“செத்தவர் வண்டி இன்ஜின நம்ம வண்டில வெக்கப் போறீங்களா?” என்றாள்.

“யாரும் செத்தாங்கன்னு சொல்லலியே.”

“சாகலைன்னும் சொல்லலியே.”

“அப்ப ரிப்பேர் பண்ணிடலாமா?”

“ஏழு நாள்ல ஆவுமா?”

“ஆவாது.”

“அப்ப சாமிய வேண்டிக்குங்க. நமக்குக் கண்ணுதான் பட்டிருக்கு. கிணத்தாண்ட லைன்ல நிக்கிற லாரிக்காரங்க எல்லாம் எப்பிடிப் பாக்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

கண் பட்டதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் நாங்கள் ஒரு வருடமாகச் செய்துகொண்டுதான் இருந்தோம். புகை கூடக் கூட நான் பூஜையைக் கூட்டினேன். அமாவாசைக்குப் பூசணிக்காய், செவ்வாய்க்கு எலுமிச்சம்பழம், வெள்ளிதோறும் இன்ஜினுக்குச் சாம்பிராணி. நான் சாம்பிராணி போடுவேன், அது பதிலுக்குப் புகை போடும். யார் புகை அதிகம் என்று எங்களுக்குள் ஒரு போட்டி மாதிரி நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய், “பாய், மாத்திடலாமா, வேலை பாக்கலாமா, எனக்குத் தெரியல. நீங்களே திறந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்றேன்.

“தொறந்தா அதுக்குக் கூலி உண்டு.”

“தெரியும்.”

பாய் வேலையை ஆரம்பித்தார். இன்ஜின் தலையைத் தூக்க வேண்டுமானால் முதலில் ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய ரப்பர் குழாயைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் என்பது கேபினுக்குப் பின்னால் இருக்கிற பானை மாதிரியான சாமான். இன்ஜின் இழுக்கிற காற்று அதற்குள் நுழைந்து, ஒரு காகித வடிகட்டி வழியாகத் தூசியை விட்டுவிட்டுப் போகும். பாய் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினார். விரல் சிவப்பாக வந்தது. செம்மண்.

“இன்னா அண்ணாத்தே, வெள்ளானூர் ரோடே உள்ள கீது” என்றார்.

வடிகட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டுத் தூசிகூட இருக்கக் கூடாது. இது எனக்கே தெரியும். பாய் அந்தப் பானையின் மூடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மூடியைப் பார்த்தார். அதைத் திறக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

மூடிக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு பஸ் என் லாரியை உரசிவிட்டுப் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மனைவி பயந்துபோய்த் தன் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போய் ஒரு செப்புத் தகடு எழுதி வாங்கி வந்தாள். மஞ்சள் துணியில் முடிந்து, நூல் சுற்றி, தீப்பெட்டி அளவுக்கு இருந்தது. வண்டிக்கு மூச்சு எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள் என்று பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார். மற்ற டிரைவர்களாக இருந்தால் ஸ்டீயரிங் பக்கத்தில் கட்டியிருப்பார்கள். நான் வண்டியின் உள்விவரம் தெரிந்தவன் அல்லவா? வண்டி மூச்சு இழுக்கிற இடம் ஏர் ஃபில்டர்தான் என்று கண்டுபிடித்து, மூடிக்கும் வடிகட்டிக்கும் நடுவில் பத்திரமாக வைத்தேன். மூடி சரியாக உட்காரவில்லை. கம்பி போட்டு இறுக்கிக் கட்டினேன். அன்றைக்கு எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது.

ஆக, ஏழு வருடமாக வடிகட்டிக்கு ஒரு விரல் அகலத்தில் பக்கவழி. காற்று ஏன் கஷ்டப்பட்டுக் காகிதத்துக்குள் நுழையப்போகிறது? வெள்ளானூர் மண் ரோட்டின் புழுதி நேராக உள்ளே போய், பிஸ்டனையும் அது ஏறி இறங்குகிற லைனரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறது. போதாதற்குப் போன ஒரு வருடமாக வெள்ளிதோறும் அந்த மூடியைத் திறந்து தகட்டுக்குப் புதுச் சந்தனம், குங்குமம் வைத்து மூடியிருக்கிறேன்.

“நீங்க எத்தனை தடவை ஃபில்டர் மாத்தினீங்க பாய்?”

“அது ஆச்சி பத்து பன்னெண்டு வாட்டி.”

“அப்ப இது உங்க கண்ணுல படலியா?”

“பட்டுச்சி.”

“பட்டும்?”

“எடுத்துட்டுப் புது ஃபில்டர் போடுவேன். அப்பால மறுபடி அதே எடத்துல வெப்பேன். மூடி குந்தாது. கம்பி போடுவேன்.”

“ஏன் பாய் எங்கிட்ட சொல்லல?”

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “அது உன் சாமி மேட்டரு. நான் தொயுகைக்குப் போறவன். நான் போயி உன் தகட்டத் தூக்கிக் கடாசினா நாளைக்கு நீ எங்கியாவது முட்டிக்கினு வந்து, பாய் எடுத்ததாலதான்னு நெனைப்பே. நெனைக்க மாட்டியா? மனசத் தொட்டுச் சொல்லு.”

மனதைத் தொட்டுப் பார்த்தேன். நினைத்திருப்பேன்.

இப்போது தகட்டை எடுக்க வேண்டும். பாய் தொடமாட்டேன் என்றார். நானும் குளிக்காமல் தொடமாட்டேன். பட்டறையில் குழாய் இல்லை. கடைசியில் என் லாரியின் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரிலேயே, வால்வைத் திறந்துவிட்டு, பெங்களூர் ரோட்டைப் பார்த்தபடி வேட்டியோடு குளித்தேன். ஈரத்தோடு வந்து, கம்பியை அவிழ்த்து, தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மஞ்சள் துணி செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது.

அதற்குப் பிறகு பாய் இன்ஜின் தலையைத் தூக்கி, அடியையும் திறந்து பார்த்தார். மத்தியானம் வரை ஒவ்வொரு சாமானாகத் துடைத்து அளந்தார். பிறகு சொன்னார்.

“அண்ணாத்தே, இது வயசாயி சாவுற இன்ஜின் இல்ல. தேஞ்சது மேல மட்டும்தான். அடியில கிராங்கு அப்பிடியே கீது, பிளாக்கு கல்லு மாதிரி கீது. லைனரு, பிஸ்டனு, ரிங்கு போட்டா போதும். இத்தக் கடாசிட்டு எவனோ பெயின்ட் அடிச்சி வெச்சத வாங்கினியின்னா உன்னிய மாதிரி ஏமாளி இல்ல.”

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இங்கே நான் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்குச் சில்வர் பெயின்ட் அடித்த இன்ஜின்தான் வேண்டும்போல் இருந்தது. மாற்றிவிட்டால் விஷயம் முடிந்தது. எட்டு லட்சம், வயதாகிவிட்டது, போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லலாம். மூன்று நாளில் முகப்பேருக்கும் போய்விடலாம். ரிப்பேர் என்றால் எதனால் கெட்டது என்று எல்லாரும் கேட்பார்கள். முதலில் மனைவி கேட்பாள். அவள் கொண்டுவந்த தகடு. நான் வைத்த இடம். இதை எப்படிச் சொல்வது?

“மாத்திடலாம் பாய்” என்றேன்.

“மாத்திக்கோ. அதுக்கும் இதே மூடிதான். தகடு எங்க வெக்கப் போறே?”

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, தகட்டை மனைவியிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் துணியை மெதுவாகப் பிரித்து, தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள்.

“பூசாரி மூச்சு இருக்கிற இடத்துலன்னுதானே சொன்னாரு. மூக்கை அடைச்சி வெக்கச் சொன்னாரா?”

“எனக்கு அப்ப அப்பிடித் தோணுச்சு.”

“ஏழு வருஷத்துல வண்டிக்கு ஒரு கீறல் உண்டா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு லைட்டுகூட உடைந்ததில்லை.

“அப்பறம் என்ன? அது செய்ய வேண்டியதை அது செஞ்சிருக்கு. நீங்க உங்க வேலையை ஒழுங்கா செய்யல.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் முருகனிடமும் அம்மனிடமும் கேட்டது வண்டி எங்கும் அடிபடக் கூடாது என்றுதான். அடிபடவில்லை. பிஸ்டனைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தகடு சுவாமி அறைக்குப் போனது. நான் பாய்க்குப் போன் செய்து வேலையை ஆரம்பிக்கச் சொன்னேன். பழைய இன்ஜின்காரருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர், “இன்னும் கொறைக்கச் சொல்றியா?” என்று கேட்டார்.

அடுத்து செயலாளர். “தம்பி, ரிப்பேர்தான் பண்றேன். எனக்குப் பத்து நாளாவது வேணும்” என்றேன். அட்டவணையில் அப்படி வரவில்லையே என்றார். ஆமாம் தம்பி, வரவில்லை என்றேன். கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்று போனை வைத்தார். அவர் குரலில் எனக்கு நம்பிக்கை தருகிற மாதிரி ஒன்றும் இல்லை.

பாய் ஒன்பதாம் நாள் வண்டியை ஓடவிட்டார். புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்து, அந்த ஓட்டைமேல் ஒரு காகிதத்தைப் பிடித்துக் காட்டினார். காகிதம் லேசாகத்தான் ஆடியது. இனி ஒரு மாதம் பாதி லோடுதான், விரட்டக் கூடாது, பாலத்தில் பொறுமையாக ஏற வேண்டும் என்றார். ஏர் ஃபில்டர் மூடியைத் தன் கையாலேயே திருகி, என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். துளி இடைவெளி இல்லை.

பத்தாம் நாள் காலை ஆறாயிரம் லிட்டரோடு முகப்பேர் போனேன். கேட்டுக்கு வெளியே அந்த இன்னொரு லாரி நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே வாடிக்கை போய்விட்டது என்று பிரேக்கை மிதித்தேன். ஆனால் அது காலியாக வெளியே போகிற லாரி. செயலாளர் வாசலில் நின்றிருந்தார்.

“அவங்க தண்ணி உப்புங்கண்ணா. மூணு வீட்டுல ஹீட்டர் போச்சு. கமிட்டியே உங்களை வரச் சொல்லிருச்சுங்க.” பிறகு தொட்டியைத் தட்டிப் பார்த்தார். “என்னண்ணா, பாதிதான் இருக்குது?”

“ஒரு மாசம் அப்பிடித்தான் தம்பி. பாதி பாதியா ரெண்டு நடை வருவேன். தண்ணி கொறையாது.”

“சரிங்கண்ணா. அட்டவணையில போடணும், எதனால கெட்டுச்சு இன்ஜினு? ரூட் காஸ் என்னங்க?”

பொய் சொல்ல எனக்கு வராது. முழுக்கச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“பக்திங்க” என்றேன்.

அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று நான் மொத்தக் கதையையும் சொன்னேன். தகடு, மஞ்சள் துணி, மூடி, கம்பி. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் நிலத்தடித் தொட்டியில் விழுகிற சத்தத்தில் அவர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“அண்ணா, போன மாசம் புதுக் கார் எடுத்தனுங்க. அம்மா ஊருல இருந்து வந்து பானெட்டுக்குள்ள ஏதோ வெச்சுட்டுப் போயிருக்காங்க. மைலேஜ் வேற கம்மியாத்தான் குடுக்குது. ஒரு எட்டு வந்து பாக்கறீங்களா?”

“எங்க வெச்சாங்க?”

“தெரியலீங்க. நான் தொறந்ததே இல்லைங்க.”

ஆறாயிரம் லிட்டரும் இறங்கும்வரை இருங்கள் தம்பி, அப்புறம் வந்து பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஓரமாக, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தது. அந்த அம்மா என்னைவிட விவரமானவர். அதில் கை வைக்காமல் பானெட்டை மூடிவிட்டு, அடுத்த பாதிக்காக வெள்ளானூருக்குத் திரும்பினேன்.